போர்வையை வாங்கிக்கொள்கிறார்கள், பேச மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி: நாங்கள் ஆறு பேர். மூன்று மாதமாகச் சனிக்கிழமை இரவுகளில் தெருவோரம் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலமும் போர்வையும் கொடுத்துவருகிறோம். வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தனியாக வாழும் வயதானவர்களையும் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எப்படி முறைப்படுத்துவது?

பதில்: வாரத்துக்கொரு தெரு, வாரத்துக்கொரு ஆள் என்று போகிறீர்களா? பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இதில்தான். அறுபது பொட்டலத்தை ஒரு மணி நேரத்தில் கொடுத்து முடித்தால் உங்களுக்குத் திருப்தி. படுத்திருப்பவருக்கோ நீங்கள் வந்துபோகும் இன்னொரு வண்டி, அவ்வளவுதான். ஆறு பேரை மூன்று ஜோடிகளாகப் பிரியுங்கள். ஒரு ஜோடிக்கு ஒரு தெரு, எட்டிலிருந்து பத்துப் பேர், அதே நாள், அதே நேரம். குறைந்தது மூன்று மாதம் ஜோடியை மாற்றாதீர்கள். பெண்கள் தங்கும் இடத்துக்குப் போகும் ஜோடியில் ஒரு பெண் கட்டாயம்.

நெருங்கும் விதத்தைப் பார்ப்போம். அவர் படுத்திருக்கும் இடம்தான் அவருடைய படுக்கையறை. தொட்டு எழுப்பக் கூடாது, டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. கால்மாட்டுப் பக்கம் ஆறேழு அடி தள்ளி நின்று, வெளிச்சத்தைத் தரையில் காட்டி, தாழ்ந்த குரலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், மூச்சு சீராக வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகருங்கள். விழித்திருந்தால் "உக்காரலாமா?" என்று கேட்டுப் பக்கவாட்டில் உட்காருங்கள். அவர் எழுந்துபோகும் வழியை மறிக்காதீர்கள். "ஏன் இங்க வந்தீங்க, பிள்ளைங்க இல்லையா?" என்பவை முதல் நாள் கேள்விகள் அல்ல. "நேத்து மழையில இந்த இடம் நனைஞ்சுதா?" என்று கேளுங்கள். நனைந்தது என்றால் அடுத்த வாரம் அதை ஞாபகமாக விசாரியுங்கள். பேச்சு பெரும்பாலும் அந்த இரண்டாவது விசாரிப்பில்தான் தொடங்கும்.

கொடுக்கும் பொருளிலும் சில விஷயம் உண்டு. குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தரை உடம்புச் சூட்டை உறிஞ்சும். போர்வைக்கு முன்னால் அடியில் போட அட்டையோ ஃபோம் பாயோ வேண்டும். பருத்திப் போர்வை நனைந்தால் சூடு நிற்காது, கம்பளி ஓரளவு தாங்கும். சாக்ஸ் என்றால் இரண்டு ஜோடி கொடுங்கள், பகலுக்கு ஒன்று, இரவுக்கு உலர்ந்தது ஒன்று. ஈரத்திலேயே நாள் முழுக்க ஊறும் பாதம் முதலில் வெளுத்து மரத்துப்போகும், பிறகு சிவந்து வீங்கி வலிக்கும், தோல் பிய்ந்து புண்ணாகும். சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தவருக்கு அந்தப் புண் வலிக்கவே வலிக்காது, அதனால் கேட்டுவிட்டுக் கண்ணாலும் பாருங்கள். உள்ளாடை, நாப்கின், நகவெட்டி, போனுக்குச் சார்ஜ் இவையெல்லாம் தேவைப்பட்டாலும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களே பேச்சை எடுங்கள்.

சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்துக் கொண்டுபோங்கள். அதற்குக் கீழே ஆறிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். "நாளைக்கு வெச்சுக்கோங்க" என்று கூடுதலாக ஒரு பொட்டலம் கொடுப்பது வயிற்றுப்போக்கைக் கையில் கொடுப்பது. பல் போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், மெல்லத் தேவையில்லாததாகப் பாருங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவருக்கு வயிறு நிறையக் கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயமே தடுமாறலாம். கொஞ்சமாகக் கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

"குடிச்சிருக்காரு, விடுங்க" என்ற வார்த்தையை உங்கள் குழுவில் யாரும் சொல்லக் கூடாது. குழறும் பேச்சும் தள்ளாட்டமும் சுகர் இறங்கினாலும் வரும், தலையில் அடிபட்டாலும் பக்கவாதத்திலும் வரும், உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனாலும் வரும். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம், உடம்பு சூடேறாமலே நின்றுவிட்டால் அது தேறியதற்கு அடையாளமல்ல, மோசமாகிறார் என்று அர்த்தம். சுகர் இறங்கியிருக்கலாம் என்று தோன்றி, விழுங்கும் நிலையில் இருந்தால் நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். நினைவு இல்லை, மூச்சு இருக்கிறது என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை பக்கத்தில் இருங்கள்.

"குடியை விட்டால்தான் உதவி" என்பதும் வேண்டாம். 1992-இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பரிஸ் தொடங்கிய 'முதலில் வீடு' முறை இந்த நிபந்தனையைத் தலைகீழாக்கியது. வீட்டை முதலில் கொடு, மற்றதை அங்கே வைத்துப் பார்ப்போம் என்றது. பின்னால் கனடாவின் ஐந்து நகரங்களில் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இந்த முறையில் உதவி பெற்றவர்களே அதிக நாள் வீட்டில் நிலைத்திருந்தார்கள். உங்களால் வீடு கொடுக்க முடியாது. ஆனால் தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவோ மருத்துவரிடமோ அவரோடு கூடப் போக முடியும். முகவரி எழுதிக் கொடுத்தால் மட்டும் போகமாட்டார். ஒரு நேரத்தில் ஒரே வேலை. "பாக்கறேன்" என்று நீங்கள் சும்மா சொல்வதுகூட அங்கே வாக்குறுதியாகத்தான் கேட்கும்.

ஒரு நோட்டில் நான்கே விஷயம் எழுதுங்கள்: எங்கே இருக்கிறார், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம். முழுப்பெயரும் நோய் விவரமும் அதில் வேண்டாம். போட்டோ வேண்டவே வேண்டாம்.

வயதானவர்களைப் பார்ப்பது வேறு வேலை, அதற்கு வேறு ஆட்கள் இருந்தால் நல்லது. தனியாக வாழ்வதும் தனிமையில் வாடுவதும் ஒன்றல்ல. 2004-இல் வந்த ஓர் எளிய அளவுகோலில் மூன்றே கேள்வி: துணையில்லை என்று எத்தனை முறை தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக, மற்றவர்களிடமிருந்து விலகிப்போனதாக எத்தனை முறை தோன்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் அரிதாக என்றால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டினால் 6 அல்லது அதற்கு மேல் வருபவரைத் தனிமையில் இருப்பவராகக் கொள்வது வழக்கம். படிவத்தை நீட்டிக் கேட்காமல் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

நேரே போய்க் கதவைத் தட்டாதீர்கள். அவர் நம்பும் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரோ மருத்துவரோ, அறிமுகப்படுத்தட்டும். முதல் இரண்டு முறை இருவராகவும் பிறகு ஒருவராகவும் போகலாம். நாற்பது நிமிடம் போதும், கிளம்பும்போது அடுத்து வரும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு வாருங்கள். வார நடுவில் பத்து நிமிடப் போன். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்காருங்கள், காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வார்கள். ஒட்டாத ஆள் என்று பெயர் வாங்கியவர்களில் பலருக்குக் காதுதான் கோளாறு. நீங்கள் உதவுவது மட்டும் போதாது, அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டே இருப்பது யாருக்கும் கூச்சம்தான்.

சாவி, வங்கி அட்டை, கடன், சொத்துப் பத்திரம் எதையும் தொடாதீர்கள், அவரே வற்புறுத்தினாலும் சரி. "எத்தனை மாசம் வருவேன்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழகவிட்டுத் திடீரென்று நின்றுபோவது வராமலே இருந்ததைவிட மோசம். "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்று அவர் சொன்னால் பேச்சை மாற்றாமல், "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அங்கிருந்தே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ மருத்துவரையோ கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வீட்டுக்குப் போகுமுன் பதினைந்து நிமிடம் ஆறு பேரும் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்ததைப் பேசுங்கள். யாராவது இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை என்றால் அவருக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள்.