குடும்பத்தில் 90 தாண்டியவர்கள் இருந்தால் நமக்கும் நீண்ட ஆயுள் மரபணு இருக்குமா? பரிசோதனை செய்து பார்க்கலாமா?

இருக்கலாம். ஆனால் அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். உங்களுக்கும் தொண்ணூறைத் தாண்டிய தாத்தாவோ பாட்டியோ இருக்கிறார்கள் போல. எங்களுக்கும் இருந்தார், எங்கள் அப்பாயி.

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கப் போனவர். தொண்ணூறு கடந்தும் வாசலில் மிளகைக் காயப்போட்டு, காம்பு பொறுக்கிக்கொண்டு இருப்பார். மாத்திரை தொட்டதில்லை. அப்பா சின்ன வயதிலேயே மலையிறங்கி, சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலைக்கு உட்கார்ந்தவர். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, பீடி, ராத்திரியானால் பரோட்டா. ரத்தம் பரிசோதிக்கலாம் என்றால், "நம்ம வம்சம் கெட்டி உசுருடா, எங்கம்மாவப் பாரு" என்பார். 53 வயதில் மாரடைப்பு.

ஆயுள் விஷயத்தில் அதிகம் பேசப்படும் மரபணு ஃபாக்ஸோ3. ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. 95 வயதைத் தொட்டவர்களிடம் அதன் ஒரு வகை கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான். அது இருந்தும் சீக்கிரம் போனவர்கள் உண்டு. தவிர, ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும்; அதில் எந்தப் பிள்ளைக்கும் தாயிடமிருந்து ஒரு பிரதிதான் வரும். அப்பாயியிடம் அந்த வகை ஒரு பிரதி இருந்திருந்தால், அவர் வழியாக அப்பாவுக்கு வர பாதி வாய்ப்பு, எனக்குக் கால் வாய்ப்பு. நான் மருத்துவம் படித்தவன் இல்லை, டாக்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூட அறிவியலே போதும்.

இதயத்துக்கு நேரடியாக உதவுவது பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் வரும் ஒரு பழுது. ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை ஈரல் இழுத்துக்கொள்வதை அந்த மரபணு தரும் புரதம் குறைத்துவிடும். அமெரிக்கக் கறுப்பினத்தவர் சிலருக்கு அது பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. அவர்களுக்கு எல்.டி.எல். என்ற அந்தக் கெட்ட கொழுப்பு 28 சதவீதமும் இதய நாள நோய் 88 சதவீதமும் குறைவு என்று 2006-ல் தெரியவந்தது. கொழுப்பு பிறந்ததிலிருந்தே குறைவாக இருந்ததுதான் அவர்களைக் காத்தது. அந்தக் கொடுப்பினை இல்லாதவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, காலாகாலத்தில் பார்த்தால்.

அப்பாவுக்கு வலி வந்தது கோடை விழா சமயம், மலையில் சொந்தக்காரர் வீட்டில். வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் குடித்துப் பொழுதைப் போக்கிவிட்டார். அப்புறம் கிளம்பினால், சேலம் இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நெரிசல். ஒரு வளைவில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஹாரன் அடித்தால், "நாங்களும்தான நிக்கிறோம்" என்கிறார்கள். பிழைத்தார், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. பட்டறைப் படி ஏறவே மூச்சு வாங்குகிறது. கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். இருக்கட்டும். ஏற்காடு வருகிறவர்கள் யாராவது படித்தால், தயவுசெய்து வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். அந்த மலையில் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பணத்தில் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் 55-க்குள் மாரடைப்பு வந்த ஆணோ 65-க்குள் வந்த பெண்ணோ உண்டா என்று டாக்டர் கேட்பார், விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவால் நான் அந்தக் கணக்கில் வந்துவிட்டேன். எனக்கு எல்.டி.எல்.லும் கூடுதலாக இருந்ததால் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், தினமும் ராத்திரி போடுகிறேன்.