டிவி விளம்பரம் ஒரு அமெரிக்க அதிபர் வேட்பாளரின் பிம்பத்தை உண்மையிலேயே மாற்றுமா?

மாற்றும். பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் பயத்தையோ ஆசையையோ எடுத்து வேட்பாளரோடு முடிச்சுப் போட்டுவிடும். 1964-இல், மறுபடி தேர்தலில் நின்ற அதிபர் லிண்டன் ஜான்சனுக்காக எடுத்த ‘டெய்சி’ விளம்பரத்தைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். யூடியூபில் இருக்கிறது, ஒரே நிமிடம்தான்.

ஒரு சின்னப் பெண் பூவிதழ்களைப் பிய்த்தபடி, தப்பும் தவறுமாக எண்ணுகிறாள். அவள் ஒன்பதுக்கு வந்ததும் ஒரு ஆண் குரல் பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்குகிறது. கேமரா அவள் கண்ணுக்குள்ளேயே போகிறது. பூஜ்யத்தில் அணுகுண்டு வெடிக்கிறது. அப்புறம் ஜான்சனின் குரல்: நாம் ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும்.

எதிர்த்து நின்ற பாரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் எங்கேயும் வராது. வர வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவையும் சோவியத் யூனியனையும் அணுப் போரின் விளிம்புவரை கொண்டுபோன கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த மே மாதம்தான் கோல்ட்வாட்டர், வியட்நாம் காடுகளின் இலைகளை உதிர்க்கச் சிறிய அணுகுண்டுகளைப் பயன்படுத்த முடியும் என்று ஒரு டிவி பேட்டியில் பேசியிருந்தார். பயன்படுத்துவோம் என்று தான் நினைக்கவில்லை என்றும் சேர்த்தே சொன்னார், ஆனால் ஜனங்கள் மனதில் தங்கியது முதல் பாதிதான். விளம்பரத்தில் வராத பெயரை, அதைப் பார்த்தவர்களே நிரப்பிக்கொண்டார்கள். அந்த விளம்பரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டோனி ஷ்வார்ட்ஸ் நம்பிய வழியும் இதுதான்.

கட்டண விளம்பரமாக செப்டம்பர் 7 அன்று ஒரே ஒரு முறைதான் ஓடியது. கோல்ட்வாட்டரின் குடியரசுக் கட்சியினர் கொதித்தெழ, செய்தி நிகழ்ச்சிகள் அதை இலவசமாகவே திரும்பக் காட்டின. ஜான்சன் 61 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார். ஆனால் அதற்கு முன்பே அவர் வெகுதூரம் முன்னிலையில் இருந்தார், அதனால் வெற்றியை விளம்பரத்தின் கணக்கில் எழுத முடியாது. கோல்ட்வாட்டர் மேல் விழுந்த முத்திரை மட்டும் கடைசிவரை போகவில்லை.

ஆசையைத் தொடுவதற்கு 1984-இல் அதிபர் ரீகனுக்காக வந்த ‘அமெரிக்காவில் மறுபடி விடியல்’ விளம்பரத்தைச் சொல்லலாம். வேலைக்குப் போகிறவர்கள், ஒரு கல்யாணம், ஏறும் கொடி. ரீகன் ஒரு வார்த்தை பேசமாட்டார். பொருளாதாரம் நிஜமாகவே மீண்டுகொண்டிருந்ததால் எடுபட்டது. பொருளாதாரம் சரிந்து கிடந்த 1982-இல் அதே படத்தைப் போட்டிருந்தால் ஜனங்களுக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

‘டெய்சி’யில் எல்லோரும் கோல்ட்வாட்டருக்கு நேர்ந்ததையே பேசுகிறார்கள். என்னை உறுத்துவது, ஜான்சனுக்கு அது போர்த்திவிட்ட சமாதானப் போர்வைதான். ஓட்டுப் போட்டு நாலு மாதத்தில், 1965 மார்ச்சில், அவர் அனுப்பிய மரைன் படை வியட்நாமின் டா நாங்கில் இறங்கியது. அந்த வருடம் முடிவதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் வியட்நாமில் இருந்தார்கள்.