கடற்பறவைகளைப் பார்க்க ஏன் படகில் வெகுதூரம் போகிறார்கள்?

பெலாஜிக் பறவைகள் என்பவை முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க மட்டும் கரைக்கு வந்து, மற்ற காலமெல்லாம் திறந்த கடலிலேயே வாழ்பவை. ஆல்பட்ராஸ், ஷியர்வாட்டர், ஸ்டார்ம் பெட்ரல் எல்லாம் இந்த வகைதான். கரையில் நின்றால் இவை கண்ணில் படுவது அபூர்வம்.

தூரம் போவதற்குக் காரணம் இரை. கடலடித் தரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் விளிம்பில், சத்து நிறைந்த குளிர்நீர் பல இடங்களில் மேலே வரும். அங்கே நுண்பாசி பெருகும். அதைத் தின்னச் சிற்றுயிர்கள், அப்புறம் மீன்கள். பாசி மேயப்படும்போது டைமெத்தில் சல்பைடு என்ற வாயு வெளியேறும். தெருவில் போகும்போதே எந்த வீட்டில் சமையல் நடக்கிறது என்று நம் மூக்கு சொல்லிவிடுமே, அதுபோல இவற்றில் பல பறவைகள் அந்த வாசனையைப் பிடித்து வந்துவிடும். படகிலிருந்து மீன் எண்ணெய் ஊற்றுவதும் இதற்காகத்தான். சற்று நேரத்தில் வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் வந்து, இறக்கையை விரித்தபடி, காலால் நீரைத் தட்டித் தட்டி இரை கொத்தும். அதை அருகில் பார்ப்பதற்கே போகலாம்.

நடுக்கடலில் பறவை தெரிந்தால் கரை பக்கத்தில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இவற்றுக்கு அது பொருந்தாது, ஆல்பட்ராஸ் ஒரே இரைதேடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும்.