வாசகர் கேள்வி: பீரங்கிப் படை பிறந்தது எந்த ஆண்டு?

கே: இந்தியப் பீரங்கிப் படை 1827-இல் தொடங்கியது என்கிறார்கள். முதல் இந்தியக் களப் பீரங்கிப் பிரிவு 1935-இல்தான் வந்தது என்றும் படித்தேன். எது சரி?

ப: இரண்டும் சரி. 1827 செப்டம்பர் 28-இல் பம்பாய் ராணுவத்தில் ஒரு கம்பெனியாக, அதாவது சிறு படைப்பிரிவாகத் தொடங்கியதுதான் பின்னாளில் 5 (பம்பாய்) மலைப் பீரங்கி பேட்டரி. (பேட்டரி என்றால் சில பீரங்கிகள் கொண்ட பிரிவு.) அந்த நாளே இன்றும் ‘கன்னர்ஸ் டே’, பீரங்கிப் படை நாள். ஆனால் அது மலைப் பீரங்கி. களப் பீரங்கியின் கதை வேறு.

1857-இல் சிப்பாய்கள் கையிலிருந்த பீரங்கிகள் தங்கள் பக்கமே திரும்பியதை ஆங்கிலேயர் மறக்கவில்லை. அதன்பின் இந்தியரிடம் பெரும்பாலும் மலை பேட்டரிகளை மட்டுமே விட்டுவைத்தார்கள். எல்லைப்புற மலைகளில் அவை இல்லாமல் முடியாது என்பதுதான் காரணம், நம்பிக்கை அல்ல. இந்திய வீரர்கள் கையாண்ட 2.5 அங்குலப் பீரங்கியின் குழல் இரண்டு துண்டு. சுடுமுன் திருகிச் சேர்க்க வேண்டும். கழற்றினால் ஐந்து கோவேறு கழுதைகளில் ஏற்றிவிடலாம். சமவெளியில் குதிரைகள் இழுத்த களப் பீரங்கிகளைச் சுட்டது பிரிட்டிஷ் வீரர்கள்தான்.

1935 ஜனவரி 15-இல் பெங்களூரில் முதல் இந்தியக் களப் பீரங்கிப் பிரிவான ‘ஏ’ ஃபீல்டு பிரிகேட் எழுப்பப்பட்டபோதுதான் அந்த நிலை மாறியது. (‘பிரிகேட்’ என்றதும் ஆயிரக்கணக்கானோர் என்று எண்ண வேண்டாம். இன்றைய ரெஜிமென்ட்தான் அது.) ஆரம்பகால இந்தியப் பீரங்கி அதிகாரிகளில் ஒருவரான பி.பி. குமாரமங்கலம், 1942-இல் லிபியாவின் பிர் ஹக்கீமில் நடந்த சண்டைக்காக டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது பெற்றார், 1966-இல் தரைப்படைத் தலைமைத் தளபதியானார்.

கே: ஒரு ரெஜிமென்ட்டில் எத்தனை பீரங்கிகள்?

ப: வழக்கமாக மூன்று பேட்டரி, பேட்டரிக்கு ஆறு, ஆக 18. இரண்டாம் உலகப் போரில் 25 பவுண்டு குண்டு வீசும் ‘25 பவுண்டர்’ பீரங்கி வைத்திருந்த ரெஜிமென்ட்டுகளில் 24. அதன் வீச்சு சுமார் 12 கி.மீ.; பின்னர் வந்த 105 மி.மீ. இந்தியக் களப் பீரங்கிக்குச் சுமார் 17 கி.மீ.

கே: கார்கிலில் சமவெளிக் கணக்கு ஏன் பொய்த்தது?

ப: உயரத்தில் காற்று மெலிவு. தடை குறைவதால் குண்டு, வீச்சுக் கணக்கு அட்டவணையில் உள்ளதைவிடத் தூரம் போகும். குளிரில் வெடிமருந்தின் வேகம் குறைவதோ எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டையும் சேர்த்துத் திருத்தியாக வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, குறுகலான முகடு: குண்டு கொஞ்சம் மிஞ்சினாலும் பின்பக்கப் பள்ளத்தாக்கில் விழும். எவ்வளவு மிஞ்சியது என்று, குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்லும் கண்காணிப்பாளருக்கே தெரியாதபோது, அடுத்த குண்டுக்கு எதைத் திருத்துவது?