பிரிட்டிஷ் சோதனை உத்தரவு (writ of assistance) என்றால், அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்றங்களில் ஏன் அவ்வளவு கோபம்?

சோதனை போடுவது அங்கே புதிதல்ல. கோபம் அந்த உத்தரவு எழுதப்பட்ட விதத்தின் மேல். யார் வீடு, என்ன பொருள், எதனால் சந்தேகம் என்று எதுவுமே அதில் இருக்காது. கடத்தல் சரக்கு இருக்கலாம் என்று சுங்க அதிகாரிக்குத் தோன்றினால் போதும், பகல் வேளையில் எந்த வீட்டுக்குள்ளும் கிடங்குக்குள்ளும் புகலாம், பூட்டையும் உடைக்கலாம். ஒருமுறை பயன்படுத்தியதும் காலாவதி ஆகிவிடாது. மன்னரின் ஆயுள் வரை செல்லும், அவர் இறந்த பின் இன்னும் ஆறு மாதம்.

1760 அக்டோபரில் பிரிட்டிஷ் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இறந்ததால் உத்தரவுகளைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. பாஸ்டன் வணிகர்கள் 63 பேர் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். (அவர்களில் சிலர் மொலாசஸ் (சர்க்கரைப் பாகுக் கழிவு) கடத்தியவர்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்!) உத்தரவுக்காக வாதாட வேண்டிய அரசு வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ், பதவியை உதறிவிட்டு வணிகர்கள் பக்கம் வந்தார். 1761 பிப்ரவரியில் மணிக்கணக்காக வாதாடினார்: ஒருவருடைய வீடு அவருக்குக் கோட்டை, இந்த உத்தரவோ குட்டி அதிகாரியின் கையில் எல்லாருடைய சுதந்திரத்தையும் கொடுத்துவிடுகிறது என்று.

வணிகர்கள் வழக்கில் தோற்றார்கள். அன்று பார்வையாளராக இருந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ், சுதந்திரம் என்ற குழந்தை அங்கேதான் பிறந்தது என்று முதுமையில் எழுதினார். கொஞ்சம் மிகைதான். ஆனால் 1767இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் டவுன்ஷெண்ட் சட்டம் இதே உத்தரவுகளை மறுபடி உறுதிசெய்தபோது, பல குடியேற்றங்களின் நீதிமன்றங்கள் அவற்றைத் தர மறுத்தன அல்லது இழுத்தடித்தன. இடத்தையும் பொருளையும் குறிப்பிடாமல் சோதனை உத்தரவு கூடாது என்று 1791இல் வந்த, அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது சட்டத்திருத்தம் சொல்வதற்கு இதுதான் பின்னணி.