விவேக் துப்பறிந்தால் நம்ப முடியுமா?

“காலமெல்லாம் சிரிக்க வைத்த ஒரு நகைச்சுவை நடிகர், வயது ஏறிய பிறகு துப்பறியும் கதைக்கு நாயகனாக வந்தால் நம்ப முடியுமா? விவேக்கின் ‘வெள்ளைப் பூக்கள்’ படத்தைப் பணி ஓய்வு பெற்ற என் அப்பாவுடன் பார்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ப முடியும், பார்க்கலாம் என்று இரண்டு சொற்களில் பதிலை முடித்திருப்பேன். ஆனால் ஓய்வு பெற்ற அப்பா என்ற சொல்லைப் படித்த பிறகு அப்படி முடிக்க மனம் வரவில்லை. உங்கள் அப்பாவும் காலையில் நேரத்தோடு எழுந்து, செல்வதற்கு ஓர் இடம் இல்லாமல் வாசலில் நிற்பவராகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊர், இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரம் இருக்கும் மண்டபம். என் அப்பா கடலோரக் காவல் நிலையங்களில் வேலை பார்த்து, சிறப்பு உதவி ஆய்வாளராக 2016-இல் ஓய்வு பெற்றவர். 2019 ஏப்ரல் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் வள்ளத்திலிருந்து இன்ஜின் திருடு போனது. கடன் வாங்கி வாங்கிய இன்ஜின் என்பதால் அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. யாரும் கேட்காமலே அப்பா கரைக்குச் சென்று, மணலில் பதிந்திருந்த காலடிகளைக் குச்சியால் அளந்து, இழுத்த தடம் இல்லாததால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கியிருக்க வேண்டும் என்றும், போல்ட்டுகள் சேதமாகாமல் கழன்றிருப்பதால் இன்ஜின் வேலை தெரிந்த ஆள்தான் என்றும் சொல்லிக்கொண்டு வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். “உங்க அப்பா எல்லார் கொல்லையையும் எட்டிப் பாக்குறாரு” என்று ஒருவர் என்னிடம் முறையிட்டதும், நான் வீட்டுக்கு வந்து, பேரப்பிள்ளைகள் முன்னிலையிலேயே, “யூனிபார்மைக் கழட்டி மூணு வருஷம் ஆச்சு, இன்னும் எதுக்கு இந்த வேலை?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் 18-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல். ஓய்வு பெற்ற காவலர்களையும் பந்தோபஸ்துக்கு அழைத்திருந்ததால் அன்று ஒரு நாள் மட்டும் அவர் முகத்தில் பழைய களை இருந்தது. மறுநாள் ‘வெள்ளைப் பூக்கள்’ வெளியானது. பேசாமல் இருக்கும் மனிதரைச் சிரிக்க வைக்கலாம் என்று எண்ணி, விவேக் படம் என்று மட்டும் சொல்லி, சனிக்கிழமை பேருந்தில் அவரை இராமநாதபுரத்துக்கு அழைத்துச் சென்றேன். அப்பாவுக்கு விவேக்கின் மேல் தனி மரியாதை உண்டு. கலாம் ஐயாவின் சொல்லை ஏற்று ஊர் ஊராக மரம் நட்டவர் அவர். 2015 ஜூலை 30 அன்று இராமேசுவரத்தை அடுத்த பேக்கரும்பில் ஐயாவை அடக்கம் செய்தபோது வெயிலில் பந்தோபஸ்து நின்றவர்களில் அப்பாவும் ஒருவர்.

அதே வாரம் வெளிவந்த ‘காஞ்சனா 3’ படத்துக்குத்தான் கூட்டம் முழுவதும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் கரையில் ஆட்களுக்குப் பொழுது இருந்தது, கையில் காசு இல்லை. எங்கள் படத்துக்கு ஆறு பேர்தான் நின்றோம். பத்துப் பேர் சேராவிட்டால் காட்சி கிடையாது என்று திரையரங்கில் சொன்னார்கள். நான் கூடுதலாக நான்கு டிக்கெட் வாங்கினேன். அந்தப் பணம் போனதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. ஆனால் நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து வந்த ஒரு முதியவரிடம், படம் உண்டா இல்லையா என்பதைக்கூட மரியாதையாகச் சொல்லாத அந்த முறையை இப்போதும் தவறு என்றே சொல்வேன்.

படத்தில் விவேக், ருத்ரன் என்னும் ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரி. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வருகிறார். மகன் அங்குள்ள பெண்ணை மணந்துகொண்டதில் அவருக்கு மனத்தாங்கல். அக்கம்பக்கத்தில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். அதிகாரமும் இல்லை, ஊரும் தன் ஊர் இல்லை என்ற நிலையில் அவர் தேடத் தொடங்குகிறார். இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். துணைக்கு சார்லி வருகிறார். இருவருமே இயக்குநர் கே. பாலசந்தர் அறிமுகப்படுத்தியவர்கள், சார்லி 1983-இலும் விவேக் 1987-இலும் வந்தார்கள். படத்தின் சிரிப்பெல்லாம் இந்த இருவரின் பேச்சுக்குள்தான் இருக்கிறது, அதுவும் அளவோடுதான். இடையில் கதை தொய்கிறது, ஆங்கிலம் பேசும் சில நடிகர்கள் ஒப்பிப்பதுபோல் பேசுகிறார்கள் என்று நீங்கள் குறை சொன்னால் நான் மறுக்க மாட்டேன். விவேக்கைக் குறை சொன்னால்தான் மறுப்பேன்.

நம் மர்மப் படங்களில் நகைச்சுவை நடிகருக்கு நாம் ஒதுக்கிவைத்த வேலை, கதவு கிறீச்சிட்டால் நடுங்கி ஓடுவது. அப்படி ஓட வேண்டியவர் நின்று கூர்ந்து பார்த்தால் நமக்குப் பொறுக்கவில்லை. அன்று எங்களுக்குப் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர்கள் விவேக் வாய் திறக்கும் போதெல்லாம் சிரிக்கத் தயாராக இருந்து, சிரிப்பு வராதபோது அவரையே திட்டினார்கள். அதே மனிதர் 2015-இல் தம் மகனைப் பறிகொடுத்தவர் என்பதும், அதன் பிறகுதான், மகனோடு மனம் ஒட்டாமல் தவிக்கும் ஒரு தந்தையாக இந்தப் படத்தில் நிற்கிறார் என்பதும் எனக்கு நினைவில் இருந்ததால், அந்தக் கூச்சல் என்னை மிகவும் வருத்தியது. சொந்தத் துயரத்தைக் காட்டி நடிப்புக்கு மதிப்பெண் கேட்பதாகச் சிலர் சொல்லக்கூடும். அப்படியன்று, அவர் முகம் அந்தப் படத்தில் அசையாமல் இருக்கும் இடங்களைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

திரும்பும் வழியில் உச்சிப்புளி தாண்டும் வரை அப்பா பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்க ஸ்டேஷன்ல ஒரு பி.சி. இருந்தான் தம்பி. இன்ஸ்பெக்டர் நடக்குறது, பேசுறது எல்லாம் அப்படியே நடிச்சுக் காட்டி எங்கள சிரிக்க வைப்பான். அக்யூஸ்டு எப்படி நடப்பான், எந்தக் கையால பீடி பத்த வைப்பான்னு கேட்டாலும் அவன்தான் சொல்லுவான். எங்க யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. இந்த ஆளு நல்லாத்தான் பாக்குறாரு.”

உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்களின் பேச்சையும் நடையையும் அசட்டுத்தனத்தையும் கவனித்துக் கவனித்துப் பிழைத்த ஒருவர் துப்பறிகிறார் என்றால், அடித்து நொறுக்கும் நாயகர்கள் துப்பறிவதைவிட எனக்கு அதுதான் நம்பும்படி இருக்கிறது.

மறுநாள் காலை நானே அப்பாவைக் கரைக்கு அழைத்துச் சென்று, அவர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். இன்ஜின் கடைசி வரை கிடைக்கவில்லை. 2021 ஏப்ரல் 17 அன்று விவேக் காலமான செய்தி வந்தபோது, அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் அப்பாவோடு பாருங்கள். மனத்தைக் கலங்க வைக்கும் காட்சிகள் உண்டு என்பதால் சிறு பிள்ளைகளை உடன் உட்கார வைக்க வேண்டாம். படம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று உடனே கேட்காதீர்கள். அவராகப் பேசும் வரை காத்திருங்கள்.