ஓடுகிற பழைய பிஎல்சியைத் தொடலாமா?

கேள்வி: எங்கள் ஆலையில் முப்பது வருடமாக ஒரு சீமென்ஸ் சிமாட்டிக் எஸ்5-115யூ பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஓடுகிறது. ஸ்டோர்ஸில் இரண்டு சிபியு ஸ்பேர் இருக்கிறது. "ஓடுவதை ஏன் தொடணும்?" என்கிறார் மேலாளர். அவர் சொல்வது சரியா?

பதில்: பாதி சரி. தொட வேண்டாம், ஆனால் அதன் புரோகிராமை நகல் எடுத்துவிடுங்கள். சிபியு லேசில் சாகாது. முதலில் போவது அதற்குள் இருக்கும் புரோகிராம்தான். புரோகிராம் இல்லாவிட்டால் அந்த இரண்டு ஸ்பேரும் வெறும் பெட்டி.

புரோகிராம் இருக்கும் ராம் நினைவகத்தைக் கரன்ட் இல்லாத நேரத்தில் காப்பாற்றுவது ஒரு லித்தியம் பேட்டரி. அதன் வோல்டேஜ் கடைசிவரை குறையாமல் நின்று, பிறகு சட்டென்று விழும். அதனால் மல்டிமீட்டரில் நல்ல அளவு காட்டியதை நம்பி விட்டுவிடக் கூடாது. பேட்டரி செத்தாலும் லைன் ஓடும்வரை ஒன்றும் ஆகாது. அடுத்த ஷட்டவுன் முடிந்து சுவிட்சைப் போடும்போதுதான் நினைவகம் காலி என்று தெரியும். போட்ட தேதியைப் பேனலில் ஒட்டி, காலக்கெடு வைத்து மாற்றுங்கள். மாற்றும்போது பிஎல்சிக்கு சப்ளை இருக்க வேண்டும். 'பாதுகாப்புக்காக' மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றுகிறவர்தான் புரோகிராமை அழிக்கிறார்.

ஈப்ராம் (கரன்ட் போனாலும் அழியாத நினைவுச் சிப்) இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். அதில் இருப்பது எழுதிய அன்றைய புரோகிராம். பிற்பாடு லைன் ஓடும்போதே கூட்டிய டைமர், ஒதுக்கிவிட்ட லிமிட் சுவிட்ச், டேட்டா பிளாக்கில் (அளவுகளை வைத்திருக்கும் பகுதி) மாறிய செட்பாயின்ட் எல்லாம் ராமில் மட்டுமே இருக்கும்.

எஸ்5-இன் புரோகிராமிங் போர்ட் 20 மில்லியாம்ப் கரன்ட் லூப் வகை. மடிக்கணினியின் ஆர்எஸ்-232 போர்ட்டில் நேராகச் செருக முடியாது, மாற்றிக் கேபிள் வேண்டும். மலிவான யுஎஸ்பி மாற்றிகள் பாதி வழியில் கழுத்தறுக்கும். நிஜமான சீரியல் போர்ட் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றைப் பிடித்து வையுங்கள், அதுவும் ஸ்பேர்தான். புரோகிராமின் எல்லா பிளாக்கையும் (பகுதிகளையும்) இறக்கியதும், சிபியுவில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஸ்பேர் சிபியுவை மேஜையில் வைத்து அந்த நகலை ஏற்றி ஓட்டுங்கள். ஏற்றிப் பார்க்காத நகலை நகல் என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொன்று: குறிப்புகளும் சிம்பல் பெயர்களும் சிபியுவில் கிடையாது, அன்று எழுதியவரின் கோப்பில்தான் இருக்கும். அது இல்லையென்றால் 'எஃப் 12.3' என்ற ஃபிளாக் (நினைவகத்தில் ஒரு பிட்) கதவா, பம்பா என்று நீங்களே வயரைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். பழைய பிளாப்பியோ அச்சுப் பிரதியோ அலமாரியில் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: நான்கு வருடம் பெட்டியிலேயே இருந்த புது டிரைவை (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போட்டோம். சுவிட்ச் போட்ட சில நிமிடத்தில் கெபாசிட்டர் வெடித்தது. போலிச் சரக்கா?

பதில்: போலியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் ஆக்சைடு படலம், வோல்டேஜ் இல்லாமல் கிடந்தால் மெல்ல நலியும். அப்படியே முழு வோல்டேஜ் கொடுத்தால் கசிவுக் கரன்ட் ஏறி, சூடாகி, வாயு உண்டாகி வெடிக்கும்.

தயாரிப்பாளரின் கையேட்டில் முறை இருந்தால் அதன்படியே செய்யுங்கள். பொதுவாகச் சொல்வது: சும்மா கிடந்தது ஒரு வருடத்துக்குள் என்றால் எதுவும் வேண்டாம். ஒன்றிலிருந்து இரண்டு வருடம் என்றால், ரன் கட்டளை (மோட்டாரை ஓட்டும் கட்டளை) கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே சப்ளை கொடுத்து வையுங்கள். இரண்டிலிருந்து மூன்று என்றால் வேரியாக் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்பார்மர்) வைத்து 25, 50, 75, 100 சதவீதமாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் வைத்திருங்கள். மூன்றைத் தாண்டினால் ஒவ்வொரு படியிலும் இரண்டு மணி நேரம். 400 வோல்ட் டிரைவுக்கு அது 100, 200, 300, 400. மோட்டார் கேபிளைக் கழற்றி வையுங்கள், ரன் கட்டளை கொடுக்கவே வேண்டாம். இதைவிடச் சுலபம், ஸ்டோர்ஸில் உள்ள ஒவ்வொரு டிரைவுக்கும் வருடம் ஒருமுறை சப்ளை கொடுத்துத் தேதியை அட்டையில் எழுதுவது.

கேள்வி: ஒரு எலக்ட்ரானிக் கார்டின் உற்பத்தி நிற்கப் போகிறதாம், கடைசி ஆர்டர் கேட்கிறார்கள். எங்களிடம் 24 கார்டு ஓடுகிறது. இன்னும் எட்டு வருடம் ஓட்ட வேண்டும். எத்தனை வாங்கலாம்?

பதில்: பழுதுப் பதிவேட்டைப் பாருங்கள். கடந்த ஆறு வருடத்தில் இரண்டு போயிருந்தால், எட்டு வருடத்துக்குச் சராசரி 2.7. மூன்று வாங்கினால் போதும் என்று தோன்றும். சராசரிக்கு வாங்கினால் நடுவிலேயே தீர்ந்துபோகும் வாய்ப்பு கணிசம். பாய்சான் கணக்கில் (எப்போதாவது நடப்பவற்றுக்கான நிகழ்தகவுக் கணக்கு), ஐந்து இருந்தால் தட்டுப்பாடு வராமலிருக்க ஏறக்குறைய 95 சதவீத வாய்ப்பு, ஆறு என்றால் 98. கார்டுக்கு வயதாக ஆகப் பழுதும் கூடும், ஆகவே ஆறு. வந்ததும் ஒவ்வொன்றையும் பேனல் ரேக்கில் செருகிச் சோதியுங்கள். உறையைப் பிரிக்காமல் எட்டு வருடம் வைத்தால், பழுது தெரியும் நாளில் வாரண்டி இருக்காது.

கேள்வி: கன்ட்ரோல் ரூம் கணினி இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது.

பதில்: எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. ஆலைக்கு வெளியே போகும் நெட்வொர்க்கிலிருந்து அதைப் பிரித்து வையுங்கள். ஹார்டு டிஸ்க்கை முழுசாகப் படியெடுத்து, அதிலிருந்தே கணினி எழுகிறதா என்று பாருங்கள். வருடக்கணக்காகச் சுழன்ற டிஸ்க், அணைத்தபின் மறுபடி சுழலாமலே போவதுண்டு. எனவே மாற்று டிஸ்க் கையில் வந்த பிறகே பவர் பட்டனில் கை வையுங்கள்.